கொழிஞ்சாம்பாறை ஜெர்மன் முன்னொட்டு அட்டைப் பெட்டி: 350 ரூபாய்க்கு எவ்வளவு தேறும்?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் விற்கிற பெட்டி இது. உள்ளே 120 அட்டைகள், 64 பக்கக் கையேடு ஒன்று. ஜெர்மன் வினைச்சொற்களின் தலையில் ஒட்டிப் பொருளை மாற்றுகிற முன்னொட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தமிழிலும் மலையாளத்திலும் பொருள் எழுதி, கையேட்டில் ஒவ்வொரு முன்னொட்டும் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லியிருக்கிறார்கள். நர்ஸிங் முடித்துவிட்டு பி1, பி2 நிலை ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படிக்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசு நிறுவனமான நோர்கா ரூட்ஸ், நர்ஸுகளை ஜெர்மனிக்கு அனுப்ப 2021இல் ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு அமைப்போடு 'டிரிபிள் வின்' ஒப்பந்தம் போட்டதிலிருந்து பாலக்காடு மாவட்டத்தில் ஜெர்மன் வகுப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் சித்தூர் தாலூக்காவில் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்குத் தமிழில் எழுதிய பாடப்பொருள் அரிது. அந்த வகையில் பெட்டி தேவையான இடத்தில்தான் வந்து நிற்கிறது.

அட்டைகளுக்காக வாங்கலாம். கையேட்டைப் பேனாவோடு படிக்க வேண்டும். கடைசி 10 பக்கச் சொல்வரலாற்று அட்டவணையில் பாதி சரி, பாதி காதுக்கு ஒத்து வந்ததை வைத்து இட்டுக்கட்டியது.

முதலில் எழுத்துப்பெயர்ப்பு. அட்டைகளில் ஜெர்மன் சொல்லுக்குக் கீழே தமிழில் உச்சரிப்பு கொடுத்திருக்கிறார்கள். முன்னொட்டுகளிலேயே அதிகம் வருகிற ஒன்றை எல்லா அட்டையிலும் 'வெர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். தப்பு. அதன் முதலில் இருக்கிற 'வீ' எழுத்துக்கு ஜெர்மனில் ஒலி 'ஃப', ஆகவே 'ஃபெர்'. நம் 'வ'வுக்கு நெருங்கிய ஒலியை அங்கே 'டபிள்யூ' எழுத்துதான் தருகிறது. 'வெர்பிண்டன்' என்று பழகியவர் வாய்மொழித் தேர்வில் அதே வாயோடு போய் உட்காருவார். இன்னொன்று, 'கெ' முன்னொட்டு. 'கெ' என்று தமிழில் எழுதினால் சொல்லின் முதலில் நாம் வல்லினமாகத்தான் வாசிப்போம். ஜெர்மன் 'கெ' என்பது 'கங்கை'யின் இரண்டாவது 'க' மாதிரி மென்மையானது. 'பெ' முன்னொட்டுக்கும் இதே கதை: 'பம்பரம்' என்பதில் 'ம்'முக்குப் பின்னால் வருகிற 'ப' எப்படியோ அப்படி. மலையாளப் பத்தியில் இந்தக் குழப்பம் இல்லை, அந்த லிபியில் இரண்டு ஒலிக்கும் தனி எழுத்து உண்டு. மலையாளம் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும், உச்சரிப்புக்கு அந்தப் பத்தியைப் பார்ப்பது நல்லது.

இனி பெட்டியின் உண்மையான பலம். ஒவ்வொரு அட்டையிலும் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் ஜெர்மன் முன்னொட்டுகளின் இலக்கணம் முழுக்க அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. அதனால் நம் காதுக்கு அது கேட்பதே இல்லை. 'பிரியும் முன்னொட்டு', 'பிரியாத முன்னொட்டு' என்று இரண்டு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது இதனால்தான். புள்ளியைப் பார்க்கப் பழகினால் பட்டியல் வேண்டியதில்லை.

முன்னொட்டில் அழுத்தம் விழுந்தால் அது பிரியும். விழாவிட்டால் ஒட்டிக்கொண்டே இருக்கும். மாத்திரை சாப்பிடுவதற்கு 'ஐன்நேமன்'. புள்ளி 'ஐன்' மேல். ஆகவே வாக்கியத்தில் 'ஐன்' கடைசிக்குப் போகும், இறந்தகால எச்ச வடிவத்தில் (இனி 'இறந்தகாலம்' என்பது இதுவே) 'கெ' நடுவில் நுழைந்து 'ஐன்கெனொமன்' ஆகும், இங்கிலீஷ் 'டு' மாதிரியான 'ட்ஸூ' சேர்த்தாலும் அதே நடு இடம்தான், 'ஐன்ட்ஸுநேமன்'. நோயாளியை டிஸ்சார்ஜ் செய்வதற்கு 'எண்ட்லாஸன்'. புள்ளி 'லா' மேல். எங்கும் பிரியாது, 'கெ'யும் வராது, இறந்தகாலத்திலும் 'எண்ட்லாஸன்'தான்.

'கெ' வருமா வராதா என்பதற்கும் இதே புள்ளிதான் நீதிபதி: வினையின் முதல் அசையில் அழுத்தம் இல்லையென்றால் 'கெ' வராது. 'ஒபெரீரன்', அதாவது ஆபரேஷன் செய்வது, 'ஒபெரீர்ட்' என்று மட்டும் ஆவதற்கும் காரணம் அதுவே. அங்கே முன்னொட்டே கிடையாது, அழுத்தம் பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான். கையேடு இதை 'ஈரன் வினைகளுக்கு விதிவிலக்கு' என்று தனிக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. விலக்கு இல்லை, அதே விதி. இன்னொரு சோதனை: 'அண்ட்வோர்டன்' என்றால் பதில் சொல்வது. 'அண்ட்' பழைய முன்னொட்டு, ஆனால் அழுத்தம் அதன் மேலேயே இருப்பதால் 'கெஅண்ட்வோர்டெட்' என்று 'கெ' முன்னால் வந்து நிற்கிறது. பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த வினை என்பதால் பிரிவதும் இல்லை.

புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வார்டிலேயே உதாரணம் இருக்கிறது. படுக்கைப்புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது 'உம்லாகெர்ன்', அழுத்தம் 'உம்' மேல், இறந்தகாலம் 'உம்கெலாகெர்ட்'. அழுத்தத்தை 'லா'வுக்கு நகர்த்தினால் சுற்றி மொய்ப்பது, சூழ்ந்துகொள்வது, இறந்தகாலம் 'உம்லாகெர்ட்'. பெட்டியின் 57ஆம் அட்டை புள்ளியைச் சரியாக வைத்துவிட்டு, பின்பக்கம் இறந்தகாலத்தை 'உம்லாகெர்ட்' என்று போட்டிருக்கிறது. அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினால் நோயாளியைத் திருப்பிவிட்டதாக இல்லை, கூட்டம் சூழ்ந்து நின்றதாக அர்த்தமாகும். இந்த ஒரு அட்டையையாவது வாங்கிய அன்றே திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கையேட்டில் பொருள் சொல்லும் முறை. 'ஃபெர்' என்றால் 'தவறாக', 'எண்ட்' என்றால் 'நீக்கம்', 'ட்ஸெர்' என்றால் 'சிதைவு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். 'ட்ஸெர்'க்கு அது தாங்கும். மாத்திரையை நொறுக்கிப்போடுவது 'ட்ஸெர்க்லைனர்ன்', அதில் குழப்பமில்லை. 'எண்ட்'டுக்கு ஓரளவு. ஆனால் 'ட்ஸூண்டன்' என்றால் பற்றவைப்பது, 'எண்ட்ட்ஸூண்டன்' என்பதும் பற்றிக்கொள்வதே. நீக்கம் என்று எடுத்தால் தீயை அணைப்பதாகிவிடும். மருத்துவத்தில் 'எண்ட்ட்ஸூண்டுங்' என்றால் அழற்சி. இங்கே 'எண்ட்' ஒரு செயல் தொடங்குவதைக் குறிக்கிறது.

'ஃபெர்' விஷயத்தில் ஒற்றைச் சொல் அறவே உதவாது. காரணம் வரலாற்றில் இருக்கிறது. அது ஒரு முன்னொட்டு அல்ல, மூன்று. ஜெர்மனுக்குப் பழைய உறவான கோதிக் மொழியில் 'ஃப்ரா', 'ஃபௌர்', 'ஃபைர்' என்று தனித்தனியாக இருந்தவை, அழுத்தம் இல்லாத இடத்தில் உயிரொலி மழுங்கி, இடைக்கால ஜெர்மனில் ஒரே 'ஃபெர்' ஆகிவிட்டன. அதனால்தான் 'ஃபெர்பிண்டன்' என்றால் கட்டுப்போடுவது, 'ஃபெர்ப்ளூட்டன்' என்றால் இரத்தம் போயே சாவது, 'ஃபெர்டுண்ணன்' என்றால் மருந்தை நீர்க்கச் செய்வது. 'ஃபெர்லேகன்' ஒன்றே போதும் தலை சுற்ற: நோயாளியை வேறு வார்டுக்கு மாற்றினாலும் அதே சொல், மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினாலும் அதே சொல்.

இங்கே கையேடு தவறவிட்ட ஒரு வழி உண்டு. தமிழ் பேசுகிறவர் கையில் ஏற்கெனவே இருக்கிற வழி. ஜெர்மன் வினையின் தலையில் வைப்பதை நாம் வாலில் வைக்கிறோம். 'ஷ்லாஃபன்' தூங்குவது, 'ஃபெர்ஷ்லாஃபன்' அலாரம் அடித்தும் எழாமல் தூங்கிப்போவது. தமிழில் 'தூங்கிப் போயிட்டேன்', மலையாளத்தில் 'உறங்ஙிப்போயி'. 'தூங்கினேன்' என்றால் குற்றமில்லை, 'தூங்கிப்போனேன்' என்றால் டூட்டிக்கு லேட். 'போ', 'விடு', 'போடு' என்ற துணைவினைகள் செய்கிற வேலையில் பாதியை 'ஃபெர்' செய்கிறது: கைமீறிப் போனது, தீர்ந்துவிட்டது, தப்பாகிப் போனது. 'வழி தப்பிப் போயிட்டேன்' என்பதற்கு 'ஃபெர்லௌஃபன்', 'தீர்த்துவிட்டான்' என்பதற்கு 'ஃபெர்ப்ரௌகன்' எனும் மாதிரி. அட்டையின் பின்பக்கம் 'தவறாகத் தூங்கு' என்று அகராதி நடையில் எழுதியதை அடித்துவிட்டு, நாம் வீட்டில் சொல்கிற மாதிரி துணைவினையோடு எழுதிக்கொண்டால் சொல் மறக்காது. எல்லா 'ஃபெர்'ருக்கும் பொருந்தாது. கட்டுப்போடுகிற 'ஃபெர்பிண்டன்' இதற்கு வெளியே நிற்கும்.

'பெ' முன்னொட்டுக்கும் தமிழ் இலக்கணம் உதவுகிறது. 'ஆட்மன்' தானாக மூச்சுவிடுவது, 'பெஆட்மன்' வென்டிலேட்டர் வைத்து மூச்சுவிட வைப்பது. தன்வினை பிறவினையானது போல. கேள்விக்குப் பதில் சொல்வது 'அண்ட்வோர்டன்', 'பெஅண்ட்வோர்டன்' என்றால் கேள்வி நேரடிச் செயப்படுபொருளாகிவிடும்; 'கு' உருபு போய் 'ஐ' உருபு வந்த மாதிரி. கையேடு இதைச் சரியாகவே சொல்லியிருக்கிறது, நாலே வரியில், நன்றாக.

சொல்வரலாற்று அட்டவணைக்கு வருவோம். வடமொழி உபசர்க்கங்களை, அதாவது அந்த மொழியின் முன்னொட்டுகளை, ஒரு பக்கமும் ஜெர்மன் முன்னொட்டுகளை மறுபக்கமும் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டில் சரியானவை இவை. 'உபரி'யும் 'ஊபர்' என்பதும் ஒரே வேர். கிரேக்கத்தில் 'ஹைப்பர்', லத்தீனில் 'சூப்பர்'. ஆளியாறிலிருந்து மூலத்தறைக்கு வருகிற உபரிநீரைப் பற்றிப் பேசுகிற ஊர்க்காரருக்கு இதைவிட நல்ல ஞாபகக் குறி கிடையாது. 'அப' என்பதும் 'அப்' என்பதும் ஒன்று: அபகரிப்பது எடுத்துக்கொண்டு போவது, 'அப்நேமன்' எடுத்துவிடுவது. இந்த அட்டையில் 'உடல் எடை குறைதல்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்; பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும் 'அப்நேமன்'தான் என்பதை விட்டுவிட்டார்கள், நர்ஸுக்கு அதுதானே தினசரி வேலை. 'அந்தர்', லத்தீன் 'இன்டர்', ஜெர்மன் 'உண்டர்' தொடர்பும் சரி, ஆனால் பாதிதான்: ஜெர்மன் 'உண்டர்' உள்ளே இரண்டு பழைய சொற்கள் கலந்திருக்கின்றன, 'கீழே' என்பது ஒன்று, 'இடையே' என்பது இன்னொன்று. பேச்சின் நடுவே குறுக்கிடுவது 'உண்டர்ப்ரெஹன்' ஆனது இரண்டாவதிலிருந்து.

'அ', 'அந்' என்ற வடமொழி எதிர்மறையும் ஜெர்மன், இங்கிலீஷ் 'உன்', 'அன்'னும் ஒரே வேர். 'அனீமியா'வில் இருப்பதும் அதுவே. 'துர்' என்பதற்குக் கிரேக்க 'டிஸ்', மூச்சுத்திணறலை 'டிஸ்ப்னியா' என்கிறோமே, அது. 'பரி'க்கு 'பெரி', பெரிகார்டியத்தின் 'பெரி'. மருத்துவச் சொற்களை இப்படிக் கோத்தது அட்டவணையின் நல்ல பகுதி.

தவறுகள். இங்கிலீஷ் 'அன்' ஒன்றே என்று கையேடு நினைக்கிறது. பெயரடையில் வருகிற 'அன்' எதிர்மறை. ஆனால் முடிச்சை அவிழ்ப்பதற்கு 'அன்டை' என்கிறபோது வருவது வேறு, அது ஜெர்மன் 'எண்ட்'டின் உறவு. இந்த 'அன்'னும் 'எண்ட்'டும் கிரேக்க 'ஆன்டி', லத்தீன் 'ஆன்டே' இருக்கிற குடும்பம். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு சொல் பளிச்சென்று திறக்கும்: 'பிண்டன்' கட்டுவது, 'எண்ட்பிண்டன்' கட்டவிழ்ப்பது, 'எண்ட்பிண்டுங்' என்றால் பிரசவம். தாயையும் பிள்ளையையும் பிரித்துக் கட்டவிழ்ப்பது.

'ஃபெர்'ருக்கு இங்கிலீஷ் இணை என்று முன்னறிவிப்பில் வருகிற 'ஃபோர்காஸ்ட்'டைக் காட்டுகிறார்கள். அதற்கு இணை 'ஃபோர்' என்று நீளமாக ஒலிக்கிற வேறு ஜெர்மன் முன்னொட்டு, 'முன்' என்று பொருள். 'ஃபெர்'ருக்கு இணை 'ஃபர்கெட்', 'ஃபர்கிவ்', 'ஃபர்பிட்' என்பவற்றில் இருப்பது: 'ஃபெர்கெஸன்', 'ஃபெர்கேபன்', 'ஃபெர்பீட்டன்'. எழுத்தில் ஒரு கடைசி எழுத்துதான் வித்தியாசம், அதில்தான் வழுக்கியிருக்கிறார்கள்.

பெரிய தவறு 'கெ'யில். 'சம்'மோடு கோடு இழுத்திருக்கிறார்கள். பொருள் ஒத்துப்போகும், இரண்டும் 'சேர்ந்து' என்றுதான். உடன்பிறந்தவர்களை மொத்தமாகச் சொல்கிற 'கெஷ்விஸ்டர்', மலைத்தொடரைக் குறிக்கிற 'கெபிர்கெ' எல்லாம் அப்படித்தான். ஆனால் வேர் வேறு. 'கெ'க்கு வழக்கமாகச் சொல்லப்படும் உறவு லத்தீன் 'கொம்'. ஜெர்மன் மொழியியலாளர் யாகோப் கிரிம் 1822இல் வகுத்த விதிப்படி லத்தீன் 'க' ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' ஆக வேண்டும். இங்கே 'ஹ' இல்லாமல் மென்மையான 'க' நிற்பது ஏன் என்பதற்கு டென்மார்க் மொழியியலாளர் கார்ல் வெர்னர் சொன்ன விதி வேண்டும்: முன்னால் அழுத்தம் இல்லாதபோது அந்த ஒலி மென்மையாகும். மறுபடியும் அழுத்தம்! பொதுவானது என்பதற்கான ஜெர்மன் 'கெமைன்', லத்தீன் 'கொம்மூனிஸ்' இரண்டும் முன்னொட்டு முதல் அடிச்சொல் வரை இணை.

அழுத்தம் செய்த வேலைக்கு அழகான சான்று கையேட்டின் 41ஆம் பக்கத்தில் இருக்கிறது, விளக்கம்தான் இல்லை. 'ஊர்லௌப்' என்றால் லீவு, 'எர்லௌபன்' என்றால் அனுமதிப்பது. 'ஊர்', 'எர்' இரண்டும் ஒரே பழைய முன்னொட்டு. பெயர்ச்சொல்லில் அழுத்தம் முன்னொட்டில் விழுந்ததால் முழு உயிரோடு 'ஊர்' பிழைத்தது. வினையில் அழுத்தம் விழாததால் தேய்ந்து 'எர்' ஆனது. லீவு என்பது ஆதியில் அனுமதி. 'அண்ட்வோர்ட்'டின் 'அண்ட்', 'எண்ட்லாஸன்'னின் 'எண்ட்' இரண்டும் இதே மாதிரி ஒரு ஜோடி.

'கெ' பற்றி இரண்டு தேர்வுப் பொறிகளை அட்டைகள் தொடவே இல்லை. 'ஹோரன்' கேட்பது, 'கெஹோரன்' ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது. இறந்தகாலம் இரண்டுக்கும் 'கெஹோர்ட்'. 'ஃபாலன்' விழுவது, 'கெஃபாலன்' பிடித்துப்போவது. இறந்தகாலம் இரண்டுக்கும் 'கெஃபாலன்'. துணைவினைதான் காட்டிக்கொடுக்கும்: விழுந்ததற்கு 'இஸ்ட்', பிடித்ததற்கு 'ஹாட்'. அதே மாதிரி 'ஊபர்கேபன்': டூட்டி முடிந்து நோயாளியை அடுத்த நர்ஸிடம் ஒப்படைத்தால் சாதாரணமாக வரும், 'தன்னை' என்கிற 'ஸிஹ்' சேர்ந்தால் வாந்தி எடுத்தது. இந்த மூன்றையும் வெற்று அட்டையில் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டியில் 6 வெற்று அட்டை இருக்கின்றன.

'தமிழில் முன்னொட்டே கிடையாது' என்று கையேடு முதல் பக்கத்தில் அடித்துச் சொல்கிறது. நம் மொழி பின்னொட்டு மொழிதான், சரி. ஆனால் 'அவன், இவன், எவன்' என்பதில் சுட்டும் வினாவும் தலையில்தானே உட்கார்ந்திருக்கின்றன. வடமொழி உபசர்க்கத்தைக் கடன் வாங்கித் தமிழ்ச் சொல்லில் ஒட்டவும் தயங்கவில்லை: 'துர்நாற்றம்'. நாற்றம் என்றாலே முன்பு நறுமணம். அது கெட்டபிறகு அதன் தலையில் 'துர்'ரும். இதைவிடப் பாடத்துக்கு உதவுவது 'வெளியேறு', 'முன்னேறு', 'புறப்படு' வகை. ஜெர்மனின் பிரியும் முன்னொட்டுக்கு நம் வீட்டு உறவு இவை. 'வெளியே போனான்' என்பதில் நடுவே 'ஆ'வை நுழைக்கலாம்: 'வெளியேயா போனான்?' 'வெளியேறினான்' என்பதில் முடியாது, 'வெளியேறினானா' என்று கடைசியில்தான் வைக்க வேண்டும். முதலாவது இன்னும் ஒட்டாதது, இரண்டாவது ஒட்டிப்போனது. நாலாம் நூற்றாண்டில் பிஷப் வுல்ஃபிலா மொழிபெயர்த்த கோதிக் பைபிளில் இதே காட்சி உண்டு. மத்தேயு 9:28இல் இரண்டு குருடர்களிடம் 'நம்புகிறீர்களா' என்று கேட்கிற இடத்தில் 'க-உ-லௌப்யத்ஸ்' என்று வருகிறது. 'க' முன்னொட்டு, 'லௌப்யத்ஸ்' வினை, நடுவில் நிற்கிற 'உ'தான் நம் 'ஆ'. இன்றைக்கு யாராலும் பிரிக்க முடியாத 'கெ', அன்றைக்குக் கேள்விக்குறி நுழைகிற அளவுக்குத் தளர்வாக இருந்திருக்கிறது. வேத மொழியிலும் உபசர்க்கம் வினையைவிட்டு விலகி நிற்கும். வகுப்பில் பத்து நிமிடம் இதைச் சொன்னால் 'பிரியும்', 'பிரியாத' என்பது விசித்திரமாகத் தெரியாது.

அச்சுத் தரம் சுமார். அட்டை கனமானதுதான், லேமினேஷன் இல்லை, மழைக்காலத்தில் ஓரம் சுருளும். சிவப்புப் புள்ளி டியூப் லைட்டில் மங்கலாகத் தெரிகிறது. பெரிய சிக்கல், ஹாஸ்டலில் ஒரு பெட்டி வாங்கி நாலு பேர் கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். அந்தப் பிரதியில் புள்ளி சாம்பல் துகளாகிவிடுகிறது, சிலதில் காணவே காணோம். புள்ளி போனால் பெட்டியில் மிச்சம் இருப்பது வெறும் சொற்பட்டியல். நகல் எடுக்கும் முன் அழுத்தம் விழுகிற அசைக்குக் கீழே கறுப்புப் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள், 120 அட்டைக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

படிக்கிற வரிசையையும் மாற்றிக்கொள்ளலாம். கையேடு அகர வரிசையில் போகச் சொல்கிறது. அதைவிட, அட்டைகளைப் புள்ளி முன்னொட்டில் இருப்பவை, அடிச்சொல்லில் இருப்பவை என்று இரண்டு கட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆறாக நாளுக்கு 12 எடுத்து, மேசையில் தட்டிக்கொண்டே சத்தமாக வாசிப்பது பலன் தரும். பிறகு இரண்டு கட்டையும் கலந்து, அட்டையைப் பார்த்ததும் பொருளைச் சொல்லாமல் இறந்தகால வடிவத்தை மட்டும் சொல்லிப் பார்க்கவேண்டும். 'கெ' சரியான இடத்தில் வந்தால் அழுத்தம் காதில் ஏறிவிட்டது. பொருளுக்கு இரண்டாவது வாரம் போதும். தப்பாகப் புரிந்துகொள்வதற்கான 'மிஸ்ஃபெர்ஷ்டேஅன்' அட்டையை மட்டும் ஓரமாக வையுங்கள்: அழுத்தம் 'மிஸ்' மேல் இருந்தும் இறந்தகாலத்தில் 'கெ' வராது, ஆனால் 'ட்ஸூ' மட்டும் நடுவே நுழையும். உண்மையான விலக்கு என்றால் இதைப் போன்றதுதான், கையேடோ அதற்குக் கட்டம் கட்டவில்லை.

சில கடைகளில் 57ஆம் அட்டைக்குத் திருத்தச் சீட்டு ஒட்டிய பெட்டிகள் வந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்து அதையே கேட்டு வாங்குங்கள். விலை அதே 350தான்.